கலக்காமல் அடித்த பச்சை

ஜனவரி 9

அண்ணா,

நலம் விசாரிக்கும் வரிகளை நீயே போட்டுக்கொள். எனக்கு ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். புது கார் வாங்குகிறோம். என்ன நிறம் வாங்குவது?

சிரிக்காதே. ஷோரூம்காரர் ஏழு நிறம் போட்ட அட்டை கொடுத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் வெள்ளை என்கிறார். சின்னவள் சிவப்பு இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டாளாம். மேல் வீட்டு டீச்சர் வந்து உட்கார்ந்து, "சில்வர் வாங்கும்மா, ஒரு மாசம் கழுவலைன்னாலும் தெரியாது" என்கிறார். கழுவப்போகிறவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

போனில் கேட்டிருக்கலாம். போன மாதம் போனில் பேசியது எப்படி முடிந்தது என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். கடிதத்தில் என்றால் நீ பட்டென்று வைக்க முடியாது.

இருபத்திரண்டு வருடமாகக் கார் பெயின்ட் கலப்பவன் என் சொந்த அண்ணன். அவனைக் கேட்காமல் மேல் வீட்டு டீச்சரைக் கேட்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்பா நன்றாக இருக்கிறார். மறதிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும், பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. அதற்காகத்தான் கார். வேறு ஒன்றும் இல்லை.

வாலு

ஜனவரி 17

வாலு,

ஒருவழியாக அந்த வீட்டில் யாருக்கோ என் தொழில் ஞாபகம் வந்ததே, அதுவே பெரிது.

மாப்பிள்ளை சொல்வது சரி. வெள்ளை வாங்கு. வெயில் ஏறாது. கீறல் விழுந்தால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நாளைக்கு விற்கப் போனாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். சிவப்பு நாலே வருடத்தில் வெளுத்து அசடு வழியும். கறுப்பு வாங்கினால் துடைத்துத் துடைத்தே உன் ஆயுசு போய்விடும். சில்வர் வாங்குகிறவனுக்குச் சுகம், பெயின்டருக்கு நரகம். ஒரு கதவு இடிபட்டால் பக்கத்துக் கதவு வரைக்கும் அடித்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்கும். உன் டீச்சரிடம் இதைச் சொல்.

இத்துடன் சீட்டுக்கட்டு அளவில் நாலு தகடு வைத்திருக்கிறேன், நாலு விதமான வெள்ளை. போனில் பார்க்கிற நிறத்தை நம்பாதே, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு பொய் சொல்லும். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, டியூப்லைட்டில் ஒரு தடவை வைத்துப் பார். மூன்றிலும் பிடித்தால் அதுதான்.

உன் அப்பாவிடம் நான் சொன்ன நிறம் என்று சொல்லாதே. சொன்னால் அதற்காகவே வேண்டாம் என்பார்.

அண்ணன்

ஜனவரி 22

அண்ணா,

வெள்ளை வேண்டாம். ஏன் என்று போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதி, கிழித்துப் போட்டேன்.

டிசம்பரில் மருந்துக் கடைக்குப் போனோம். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் ஆள் இல்லை. தெருவோரம் ஒரு வெள்ளைக் கார் நின்றிருக்கிறது. அப்பா அதன் பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து, ஒழுங்காக பெல்ட்டும் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த குழந்தைகள் கத்த, கார்க்காரர் ஓடிவந்து அப்பாவின் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் போவதற்குள் அப்பா ரோட்டில் முட்டி போட்டிருந்தார். "சார், எங்க வண்டி சார்" என்று அந்த ஆளிடமே கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையில் இரண்டு பட்டன் இல்லை.

அது மூன்றாவது தடவை. இப்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியும் ஒரு நிமிடத்தில் நழுவிவிடுகிறார். பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. அவருக்கு அது தெரியாது. தினமும், "வண்டிய எங்க நிறுத்தினே?" என்று கேட்கிறார். தெருவில் பாதி கார் வெள்ளைதானே அண்ணா. நாமும் வெள்ளை வாங்கினால் அவர் எதில் ஏறுவார், எவன் அடிப்பான் என்று நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

டாக்டரிடம் கேட்டேன். "புதுசு எதுவும் மனசுல நிக்காதும்மா. பழசு இருக்கும். பழசோட ஒட்டிப் போங்க" என்றார்.

அதனால் நம் பழைய காரின் நிறம்தான் வேண்டும். அந்த இளம்பச்சை. அட்டையில் ஒரே ஒரு பச்சைதான் இருக்கிறது, அதுவும் கருகருவென்று இருக்கிறது. இளம்பச்சைக்கு என்ன பெயர், எங்கே கேட்டால் கிடைக்கும்?

வாலு

ஜனவரி 30

வாலு,

அந்த ஆளின் வண்டி நம்பரை எழுதி வைத்தாயா? எழுதியிருக்க மாட்டாய். எழுதினால் மட்டும் இங்கிருந்து நான் என்ன கிழிக்கப்போகிறேன். இரண்டு நாளாக வேலை ஓடவில்லை. ஒரு டாக்ஸிக்கு வேறு மஞ்சள் கலந்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பாவின் காலரைப் பிடித்திருக்கிறான்.

நிறத்துக்கு வருகிறேன். நம் கார் இளம்பச்சை இல்லை. அடர் பச்சை. மழையில் நனைந்தால் கறுப்போ என்று சந்தேகம் வரும், அப்படிப்பட்ட பச்சை. நீ அப்போது சின்னப் பெண், எதையோ பார்த்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மற்ற விஷயத்தில் எல்லாம் உன்னிடம் தோற்கிறேன், நிறத்தில் மட்டும் என்னோடு ஏட்டிக்குப் போட்டி பேசாதே. அட்டையில் இருக்கிற பச்சையையே வாங்கு. நான் ஞாபகத்தில் கலந்து அடித்த தகடு ஒன்று வைத்திருக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

வரச்சொல்லி எழுதாதே. லீவு கிடைக்காது.

அண்ணன்

பிப்ரவரி 21

அண்ணா,

லீவு கிடைக்காது என்று நீ சொல்வது இது எத்தனையாவது வருடம் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஆனால் போன கடிதத்தில் ஒரு இடத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தாய். 'உன்' விட்டுப்போயிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை, கோபப்படாதே.

நீ சொன்ன அடர் பச்சையே வாங்கினோம். சின்னவள் இரண்டு நாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. அப்பாவுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை சீவி, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன்.

வண்டியைப் பார்த்ததும் நின்றார். முகத்தில் ஏதோ தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தது. வேகமாக நடந்தார். முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று. பிறகு இடது பக்கம் பின் கதவுக்கு வந்து நின்றார். கையால் தடவினார். குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். "இது நம்மளது இல்ல" என்றார்.

"நம்மளதுதான்ப்பா, பச்சை பாருங்க" என்றேன்.

"அடுத்தவன் வண்டியில நான் ஏற மாட்டேன்மா. அசிங்கம்" என்றார்.

ஊரான் கார் எல்லாவற்றிலும் ஏறி உட்காருகிற மனிதர், சொந்தக் காரில் ஏறுவது அசிங்கம் என்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தினமும் இதே கதை. வருகிறார், சுற்றுகிறார், அதே கதவைத் தடவுகிறார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறார். ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போகவில்லை. வலது கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. போன வியாழக்கிழமை என் வீட்டுக்காரரும் நானும் அப்பாவைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தோம். அப்பா என்னைக் கடித்துவிட்டார். கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாலு கதவு இருக்க, அந்தக் கதவையே ஏன் தடவுகிறார்? உனக்கு ஏதாவது தெரியுமா?

வாலு

மார்ச் 1

வாலு,

தெரியும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும், அம்மா இப்போது இல்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, உனக்கு ஏழு. அப்பா வெளியூர் போயிருந்தபோது சாவியை எடுத்து, சொல்லாமல் வண்டியை ஓட்டிப் போனேன். திரும்பும்போது நம் வீட்டு கேட் தூணிலேயே இடது பின் கதவை இடித்து நசுக்கினேன். நண்பன் ஒருவனின் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, வெள்ளை பிரைமர் அடித்து, கடையில் அதே பச்சை ஒரு டப்பா வாங்கி நானே அடித்தேன். அதற்கு முன் ஸ்ப்ரேயைக் கையில் தொட்டதுகூட இல்லை. டப்பாவை அடியிலிருந்து நன்றாகக் கலக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறமெல்லாம் அடியில் தங்கிவிட, மேலே நின்ற நீர்த்த பச்சைதான் கதவில் ஏறியது. காய்ந்த பிறகு பார்த்தால் மூன்று கதவு அடர் பச்சை, ஒரு கதவு இளம்பச்சை.

நீ எப்போதும் அந்தக் கதவு வழியாகத்தான் ஏறுவாய். அதனால்தான் உனக்குக் கார் இளம்பச்சை. உன்னோடு சண்டை போட்டதற்கு மன்னித்துவிடு. உன் கண் சரிதான்.

அப்பா வந்தார். நான் மொட்டை மாடி அறையில் ஒளிந்துகொண்டேன், இரண்டு நாள். அம்மா ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தாள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை அறைந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் இந்த ஊருக்குக் கிளம்பி வந்துவிட்டேன். பிறகு பெயின்ட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். முதல் லீவில் வந்து, "கதவைச் சரியா அடிச்சுத் தரேன்" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்" என்றார். ஊர் பார்க்க என் தப்பைப் பதினெட்டு வருடம் ஓட்டிக்கொண்டு திரிந்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்கு என்ன பேச்சு இருக்கிறது, சொல்.

இருக்கட்டும். காரியத்தைப் பார். அந்தக் கதவை மட்டும் இளம்பச்சையில் அடிக்க வேண்டும். டப்பாவைத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் சரக்கு. கிராம் கணக்கில் கலவை எழுதியிருக்கிறேன், தகடும் வைத்திருக்கிறேன். இந்தத் தகட்டை அடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. கை தானாகச் சரியாக அடித்துவிடுகிறது. அந்த அசட்டு நிறம் வரவே இல்லை. நாலாவது நாள் வந்தது.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

உன் கலவையை எடுத்துக்கொண்டு பெயின்டரிடம் போனேன். அவர் தகட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி வந்து ஒரு மாசம் ஆகலைம்மா. வீட்ல எதாவது பிரச்சினையா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அடிக்கச் சம்மதித்தார். ஆனால் யார் கேட்டாலும் அவர் பட்டறையின் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஷோரூம்காரர், கதவுக்கு இனி கேரண்டி கிடையாது என்று கையெழுத்து வாங்கினார். வீட்டில் இவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. புது வண்டிக்குப் பழைய கதவு போட்டுக்கொண்டு ஆபீஸ் போக மாட்டாராம். மேல் வீட்டு டீச்சர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிவந்தேன். நேராக அந்தக் கதவுக்குப் போனார். தடவினார். கதவைத் திறந்தார். ஏறினார். ஏறி, அந்தக் கோடிக்கு நகர்ந்து ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன் அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போனோம். சமர்த்தாகப் பயிற்சி செய்தார்.

திரும்பி வந்தோம். இறங்க மாட்டேன் என்கிறார்.

"பையன் மாடியில ஒளிஞ்சிட்டு இருக்கான். ரெண்டு நாளா சாப்பிடல. வரச்சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வண்டிய அவனே ஓட்டட்டும், நான் பின்னால உக்காந்துக்கிறேன்" என்கிறார். உன்னைத்தான் கேட்கிறார். அவரோடு எத்தனை பேசினாலும் அதேதான். நடுவில் வந்து உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை, கோடிக்கே போய் ஒட்டிக்கொள்கிறார், எட்டிப் பிடித்து இறக்கவும் முடியவில்லை. முதல் நாள் நாலு மணி நேரம் உள்ளேயே இருந்தார். வெயிலில் முகம் சிவந்து, சட்டை நனைந்து, கடைசியில் அசந்து தூங்கியபோது தூக்கி வந்தோம். இவர் போய், "நான்தான்ப்பா உங்க பையன், இறங்குங்க" என்று சொல்லிப் பார்த்தார். "நீங்க நல்லவரா இருக்கீங்க சார், ஆனா என் பையன் இல்ல" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். நேற்று அவரைக் குளிப்பாட்டும்போது, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். ஆறு வருடமாக அவருக்கு எல்லாம் நான்தான். என்னைத் தெரியவில்லை. நீ இருபத்துநாலு வருடத்துக்கு முன் கெடுத்து வைத்த பெயின்ட் தெரிகிறது. உன் மேல் பொறாமைப்பட எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் படுகிறேன்.

கார் நிறம் கேட்டேன், சொன்னாய். ஏறினார். இப்போது இறக்க என்ன நிறம் அடிக்கட்டும்?

வாலு

ஏப்ரல் 2

வாலு,

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். மூன்று நாள். வாசலில் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியும் என்று நீ எதிர்பார்க்காதே. அவர் தேடுவது பத்தொன்பது வயதுப் பையனை. எனக்கு முடி கொட்டிவிட்டது.

அண்ணன்

ஏப்ரல் 20

வாலு,

வந்து சேர்ந்தேன். கொடுத்துவிட்ட துண்டும் மாத்திரையும் பத்திரம்.

மூன்று நாளும் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். முதல் நாள் அப்பா, "யாரு, மீட்டர் பாக்க வந்தவரா?" என்று கேட்டதும் நீ சமையலறைக்குள் ஓடிவிட்டாய். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

கடைசி நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நீ மாத்திரை வாங்கப் போனாயே, அப்போது நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

அவர் வண்டிக்குள் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே கதவுப் பக்கம் நின்றேன். தொழில் பழக்கம், கை தானாகக் கதவின் மேல் போனது. அவர் பதறிவிட்டார்.

"தம்பி, நீங்க பெயின்டரா?"

"ஆமா சார்."

"இந்தக் கதவை ஒண்ணும் பண்ணிடாதீங்க. பாக்குறவன் எல்லாம் மாத்தி அடி, மாத்தி அடின்னு உயிரை வாங்குறான். இது என் பையன் அடிச்சது."

"சரி சார்" என்றேன்.

"நீங்க தொழில் தெரிஞ்சவரு. நல்லா பாத்து சொல்லுங்க, எப்படி இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அது உன் பெயின்டர் அடித்தது என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. "டப்பாவைக் கலக்காம அடிச்சிருக்கான் சார். ஆனா கை நல்ல கை. ஒரு இடத்துலயும் வழியல" என்றேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அதான் பாருங்க. ஒரு சொட்டு வழியல. பத்தொன்பது வயசு, யாரும் சொல்லிக் குடுக்கல. அடுத்த நாளே பாத்துட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தலைக்கு ஏறிடும்" என்றார்.

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். இப்போது உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு நாளா அவன் சாப்பிடல" என்று ஆரம்பித்தார். "சாப்பிட்டான் சார். அம்மா ஜன்னல் வழியா குடுத்தாங்க. இப்ப தூங்குறான். எழுப்பட்டுமா?" என்றேன். அதில் பாதி நிஜம்தானே. என்னை வெகுநேரம் பார்த்தார். "வேணாம், தூங்கட்டும்" என்று சொல்லி, கையை நீட்டினார். பிடித்து இறக்கினேன். நீ வந்து எப்படி இறங்கினார் என்று கேட்டதற்கு, சும்மா கூப்பிட்டேன் வந்தார் என்றேன். பொய்.

இனி இறங்க மாட்டேன் என்றால் இதையே சொல். சாப்பிட்டான், தூங்குறான், எழுப்பட்டுமா. அந்த மூன்றையும் அந்த வரிசையிலேயே சொல். எத்தனை நாளைக்கு இது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. வேலை செய்யாமல் போனால் எழுது, ஆனால் அதற்கு என்னிடம் வேறு சரக்கு இல்லை.

இன்னொன்று. இறக்கும்போது, "ஏன் சார் இப்படிக் கோடியில ஒட்டிட்டு உக்காந்திருக்கீங்க, நடுவுல உக்காரலாமே" என்று நானும் கேட்டேன். கதவுப் பக்கம் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "அப்புறம் சின்னது எங்க உக்காரும்? அது இந்தக் கதவுலதானே ஏறும்" என்றார்.

நீ முன் சீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து போவதைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே உட்காராதே. அந்தக் கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்.

அண்ணன்